340 படம், 340 மோவாய்: கார்காய்ல் எடுக்கத் தெரிஞ்சவங்க உதவுங்க

சாரல்77:

வணக்கம் மக்களே. ஆன்சைட் வேலையா ஸ்டுட்கார்ட் வந்து நாலு மாசம் ஆச்சு. போன வாரம் நாலு நாள் லீவு சேர்ந்தாப்ல கிடைச்சுது. பாரிஸ், ரூவான், திரும்புற வழியில ரெய்ம்ஸ்னு மூணு ஊர் கதீட்ரலையும் பார்த்துட்டு வந்தேன். உள்ள இருக்கிற கலர் கண்ணாடியைவிட, வெளிய சுவர்ல இருந்து கழுத்தை நீட்டிக்கிட்டு வாயைப் பொளந்து நிக்கிற கார்காய்ல்ங்கிற அந்தக் கல் மிருகங்கள் மேலதான் எனக்குக் கண்ணு.

மொத்தம் 340 படம். ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தா அழுகை வருது. பாதிப் படத்துல வானம் பளீர்னு வெள்ளை, மிருகம் கரிக்கட்டை. மீதிப் பாதியில மோவாய் மட்டும்தான் தெரியுது. கண்ணும் இல்ல, காதும் இல்ல. நாயா சிங்கமான்னு எடுத்த எனக்கே தெரியல. என் தங்கச்சி ஒண்ணைப் பார்த்துட்டு "இது என்ன, பழைய ஷூவா?"ன்னு கேட்டா.

கேமரா க்ராப் சென்சார். லென்ஸ் 18-55, 55-250. முக்காலி ஊர்ல பரண் மேல. இன்னும் ரெண்டு மாசம் இங்கதான் இருப்பேன். எங்க தப்பு பண்றேன்?

லென்ஸ்மாமா:

தம்பி, உங்களுக்கு ரெண்டு வியாதி. முதல் வியாதிக்கு மருந்து சுலபம். வெள்ளை வானத்தைப் பார்த்து கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்குது. எக்ஸ்போஷரை +1, தேவைன்னா +1.7 வரைக்கும் ஏத்துங்க. இல்லைன்னா ஸ்பாட் மீட்டரிங் போட்டு கல்லோட கழுத்துல அளவு எடுங்க. வானம் வெளுத்துப்போகும், போகட்டும். நீங்க வானத்தை எடுக்கப் போகல. ரா ஃபைலா (கேமரா சுருக்காம வைக்கிற மூலப் படமா) எடுத்திருந்தா அந்தக் கரிக்கட்டைகள்ல பாதியை இப்பவே மீட்கலாம், தூக்கிப் போட்டுடாதீங்க.

ரெண்டாவது வியாதிதான் பெரிசு. சுவருக்குக் கீழ போய் நிக்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. மிருகம் 30 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க. நீங்களும் சுவர்ல இருந்து 30 மீட்டர் தள்ளி நின்னா 45 டிகிரி அண்ணாந்து பார்க்கணும், மோவாய்தான் கிடைக்கும். 80 மீட்டர் பின்னாடி போங்க, கோணம் 20 டிகிரிக்கு இறங்கிடும். முகம் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனா ஓசியில எதுவும் வராது. ஒரு மீட்டர் நீள மிருகத்தை 250 மி.மீ. லென்ஸ்ல 40 மீட்டர் தூரத்துல இருந்து எடுத்தா சென்சார்ல ஆறு மி.மீ. விழும். உங்க சென்சார் உயரம் 15 மி.மீ., அதனால அது நல்ல அளவு. 85 மீட்டர் தள்ளிப் போனா மூணு மி.மீ.கூட வராது. அதனால ஒரு வார இறுதிக்கு மட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் வாடகைக்கு எடுங்க. வாங்கிடாதீங்க. நான் வாங்கி, இப்போ அது எங்க வீட்டு அலமாரியில பூனைக்குத் தலையணையா இருக்கு.

கல்உளி:

படக்கலையில் எனக்கு அனுபவம் குறைவு. பழைய கட்டடச் சீரமைப்பில்தான் பிழைப்பு. அதனால் ஒரு திருத்தம் மட்டும். சாரல்77 பாரிஸில் எதை எடுத்தார் என்று தெரிந்தால் நல்லது. கன்னத்தில் கை வைத்து, நாக்கை நீட்டி, ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொம்பு வைத்த ஆசாமி அந்தப் படங்களில் உண்டா?

சாரல்77:

உண்டு சார்! கீழ இருந்து எடுத்ததுல கொம்பு மட்டும்தான் தெரியுது. அதுதானே உலகத்துலயே ஃபேமஸ் கார்காய்ல்?

கல்உளி:

அது கார்காய்ல் இல்லை. இடைக்காலத்துச் சிற்பமும் இல்லை.

கார்காய்ல் என்பது மழைநீர் வெளியேறும் வாய். 'கார்குய்' என்ற பிரெஞ்சுச் சொல்லே தொண்டையைக் குறிப்பதுதான். முதுகில் வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். கூரைத் தண்ணீர் அதன் வழியே ஓடி வாயால் கொட்டும். தண்ணீர் சுவரோடு வழிந்தால் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து அரித்துப்போகும் என்பதால்தான் இவ்வளவு நீளக் கழுத்து. பிரான்சின் லாவோன் கதீட்ரலில் 1220 வாக்கில் வைத்தவை மிகப் பழையவற்றில் சேரும். அவை குட்டையாக, தடிப்பாக இருக்கும். பிறகுதான் மெலிந்து நீண்டன. தண்ணீரை எவ்வளவு தள்ளி எறிகிறதோ அவ்வளவு நல்லது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

நீங்கள் சொல்லும் கொம்பர், 'ஸ்ட்ரீஜ்' என்று பெயர் பெற்றவர், தண்ணீர் கொட்டுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த வகைக்கு 'ஷிமேர்' என்று பெயர். பாரிஸ் கதீட்ரலான நோத்ர் தாமின் கோபுரங்களைச் சுற்றி இருக்கும் ஷிமேர்கள் அனைத்தும் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 19ஆம் நூற்றாண்டில் செய்த சீரமைப்பின்போது வைத்தவை. அவரும் சக கட்டடக் கலைஞர் லசூவும் 1844இல் அந்தப் பணியைப் பெற்றார்கள், 1864 வரை நடந்தது. நம் ஆட்கள் 'ஆயிரம் வருடத்துப் பேய்' என்று பகிரும் படத்திலுள்ள பேய்க்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை.

உங்கள் துறைக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். அந்தக் கொம்பர் வைத்த சூட்டோடு கேமரா வந்துவிட்டது. 1853 வாக்கில் ஷார்ல் நெக்ர் காகித நெகடிவில் ஒரு படம் எடுத்தார். ஸ்ட்ரீஜுக்குப் பக்கத்தில் உயரத் தொப்பியோடு ஒருவர் நிற்பார். அவர் ஆன்றி லெ செக். அவரும் புகைப்படக்காரர்தான், 1851இல் பிரெஞ்சு அரசு பழைய கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பிய ஐந்து பேரில் ஒருவர். சாந்து காய்வதற்குள் படமெடுக்க ஆள் ஏறியிருக்கிறார்கள்.

லாசப்பல்காரன்:

நான் இஞ்ச பாரிசில 22 வருசமா இருக்கிறன். கல்உளி அண்ணை சொல்லுறது சரி. ஆனா தம்பி, நீர் கீழ நிண்டு அந்தக் கொம்பரை எடுக்க ஏலாது, ஆராலயும் ஏலாது. அவர் கோபுரத்தின்ர நடுத்தட்டில எல்லோ இருக்கிறார். மேல ஏறித்தான் முகம் பாக்கலாம்.

2019 ஏப்ரல் 15 நோத்ர் தாம் எரிஞ்சது எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு இரவு நான் வேலை முடிஞ்சு வரேக்க ஆத்தங்கரை முழுக்க சனம், ஒருத்தரும் கதைக்கேல்லை. கூரையும் ஊசிக்கோபுரமும் போச்சுது, ரெண்டு பெரிய கோபுரமும் தப்பிட்டுது. கொம்பரும் தப்பினார். 2024 டிசம்பரில கோயில் திறந்தவை. கோபுரத்துக்கு ஏற விட்டது 2025 செப்டம்பரிலதான். நானூறுக்கு மேல படி, லிஃப்ட் இல்லை. முன்கூட்டியே இணையத்தில நேரம் எடுக்கோணும்.

ரூவானுக்குப் போனனீர் எண்டால் அந்தக் கதை கேட்டனீரோ? ஏழாம் நூற்றாண்டில செயின்ட் ரொமேன் எண்ட ஆயர் 'கார்குய்' எண்ட பறவைநாகத்தை அடக்கினவராம். கூடப் போக ஊரில ஒருத்தரும் துணியேல்லை, மரண தண்டனைக் கைதி ஒருத்தன்தான் போனவன். பேந்து அதை எரிச்சா, நெருப்பு கக்கிப் பழகின தலையும் கழுத்தும் மட்டும் எரியேல்லையாம். அதைக் கொண்டுபோய்ச் சுவரில கொளுவினவையாம். கதைதான். ஆனா அந்தக் கைதியின்ர பேரில ரூவான் கதீட்ரல்காரர் ஒவ்வொரு வருசமும் ஒரு தண்டனைக் கைதியை விடுதலை செய்யிற உரிமை வச்சிருந்தவை. அது கதையில்லை, 1790 வரைக்கும் நடந்தது.

தெற்குவாசல்:

பேய் பிசாசை விரட்டத்தான் இந்த மிருகங்களை வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதைப் படத்தில் கொண்டுவர வேண்டாமா? எல்லாரும் தண்ணீர்க் குழாய், சாந்து என்று பேசி மர்மத்தைக் கெடுக்கிறீர்களே. சாயங்காலம், கறுத்த மேகம், கரிக்கட்டை உருவம்... அதுதான் கார்காய்ல். அந்த 340இல் பாதி நல்ல படங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கல்உளி:

பேய் விரட்ட வைத்தோம் என்று அவற்றைச் செதுக்கிய தலைமுறை எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தார் சொன்ன விளக்கம் அது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெர்னார்டின் கடிதத்தை எல்லாரும் சான்றாகக் காட்டுவார்கள். 'படிக்கிற துறவிகளின் கண்முன் இந்த அசிங்கக் குரங்குகளும் சிங்கங்களும் எதற்கு' என்ற பொருளில் அவர் திட்டியது உண்மை. ஆனால் அது 1125 வாக்கில், மடத்து முற்றத் தூண்களில் இருந்த சிற்பங்களைப் பற்றி. லாவோனில் முதல் வாய் திறக்க இன்னும் நூறு வருடம் இருந்தது.

நிஜத்திலேயே போதுமான திகில் இருக்கிறது. சாரல்77 ரெய்ம்ஸ் போயிருக்கிறார். 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் பீரங்கிக் குண்டு விழுந்து அந்தக் கதீட்ரலின் கூரை எரிந்தது. கூரை ஈயத் தகடு. உருகிய ஈயம் எந்த வழியாக இறங்கும்? மழைநீர் இறங்கும் வழியாகத்தான். வாயில் ஈயம் உறைந்து, கக்கிய நிலையிலேயே நின்றுபோன கார்காய்ல்களைக் கழற்றிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இதைவிடவா பேய் வேண்டும்?

தெற்குவாசல்:

ஈயம் கக்கியது தெரியாது. சரி, அந்த ஒன்றுக்காக உங்களை மன்னிக்கிறேன். கரிக்கட்டை அழகு என்பதிலிருந்து இறங்கமாட்டேன்.

மழைக்காகம்:

கொலோனில் இருந்து எழுதுகிறேன். எட்டு வருடமாக இந்த மிருகங்களைத் துரத்துகிறேன். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'அம்மாவுக்கு என்ன பிடிக்கும்' என்ற கேள்விக்கு 'மழைக்குழாய்' என்று எழுதியிருக்கிறார்கள்.

லென்ஸ்மாமா சொன்ன கணக்கு சரி. ஆனால் நீங்கள் எல்லாரும் வெயில் நாளிலோ மேகமூட்டத்திலோ போய் நிற்கிறீர்கள். அது மழைக்காகச் செய்த பொருள். குடையைக் கடையில் மடக்கி வைத்திருப்பதைப் படமெடுத்துவிட்டு 'என்ன இது, ஒரு கம்பு' என்பது போலத்தான். மழையில் போங்கள்.

உடனே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிறைய கார்காய்ல் இன்று வேலை செய்வதில்லை. பின்னாளில் குழாய் வைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். கொட்டும் மழையில் நாற்பது நிமிடம் நனைந்து, வறண்ட வாயைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். இப்போது மழைக்கு முன்பே ஒரு நாள் பைனாகுலரோடு போய்விடுவேன். கீழுதட்டைப் பாருங்கள். வேலை செய்கிற வாய் என்றால் உதட்டில் பாசி பச்சையாக இருக்கும், தொண்டைக்கு அடியில் ஒரு கறை கீழே இறங்கியிருக்கும். உதடும் மற்ற இடமும் ஒரே நிறத்தில் தூசி படிந்திருந்தால் அது ஓய்வு பெற்றவர். நேரடியாக அதற்குக் கீழே தரையையும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கல் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அங்கே முக்காலி வைக்க வேண்டாம்.

மழை தொடங்கியதும் தண்ணீர் வராது. கூரை நனைந்து, மேல் வாய்க்கால் நிறைந்து, சுவரை வெளியிலிருந்து தாங்கும் முட்டுவளைவுகளின் முதுகு வழியாக இறங்கி வர நேரம் பிடிக்கும். அதேபோல மழை நின்ற பிறகும் சிறிது நேரம் கொட்டும். அந்த நேரம்தான் பொன். நீங்கள் நனைய வேண்டாம், வானம் வெளுக்கும், கல் இன்னும் ஈரத்தில் கறுத்து மின்னும். 1/500 வைத்தால் துளிகள் தனித்தனியாக உறையும். 1/60க்கு இறக்கினால் நூல் போல வரும். எனக்கு நூல்தான் பிடிக்கும், உறைந்த துளி எச்சில் மாதிரி இருக்கிறது.

மழைகூட வேண்டாம் என்றால் இன்னொரு வழி. பனி பெய்த மறுநாள் வெயில் அடித்தால் கூரைப்பனி உருகி வாய் வழியாகச் சொட்டும். நீல வானம், ஓடும் தண்ணீர், காய்ந்த கேமரா. வருடத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சாமான்: ஹோட்டலில் தருகிற ஷவர் கேப் இரண்டு, ஒரு சின்ன பருத்தித் துண்டு, லென்ஸ் முனையில் மாட்டும் நீள ஹூட். மேல்நோக்கிப் பிடிக்கும்போது ஹூட் கிண்ணமாகிவிடும், ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

லென்ஸ்மாமா:

ஷவர் கேப் யோசனை அபாரம் அம்மா. முப்பது வருஷமா பிளாஸ்டிக் பைதான் கட்டிக்கிட்டு இருக்கேன்.

ஒரு சேர்ப்பு. திசை பார்த்துப் போங்க. இந்தக் கோயில்கள் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, முன்வாசல் மேற்கே. அதனால தெற்குச் சுவருக்குத்தான் வெயில். காலையிலயோ சாயந்திரமோ சாய்வெயில் சுவரை உரசிக்கிட்டுப் போகும்போது ஒவ்வொரு உளிக்கொத்தும் எழுந்து நிக்கும். வடக்குச் சுவர் வருஷத்துல பெரும்பகுதி நிழல்தான்.

லாசப்பல்காரன்:

பொழுதுபோக்குக்கு ஒண்டு கேக்கிறன். வாஷிங்டன் கதீட்ரலில 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடர் இருக்காமே, உண்மையோ?

கல்உளி:

உண்மை. 1980களில் சிறுவர்களுக்கு நடத்திய போட்டியில் வந்த யோசனை. வடமேற்குக் கோபுரத்தில் மிக உயரத்தில் இருக்கிறது, பைனாகுலர் இல்லாமல் பிடிபடாது. அதற்கும் வாய் வழியாகத் தண்ணீர் வராது, ஆகவே கார்காய்ல் கணக்கில் சேராது. அந்தக் கட்டடமே 1907இல் தொடங்கி 1990இல் முடிந்தது.

உங்கள் எல்லாரையும் ஸ்பெயினில் பாலென்சியா கதீட்ரலுக்கு அனுப்பவே எனக்கு ஆசை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீரமைப்பில் வைத்த ஒரு கார்காய்ல் அங்கே உண்டு. கையில் கேமரா பிடித்த புகைப்படக்காரர். நீங்கள் கீழே நின்று அவரைக் குறிபார்க்க, அவர் மேலிருந்து உங்களைக் குறிபார்ப்பார்.

தெற்குவாசல்:

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? தண்ணீர் போகும் குழாய்க்குத் 'தூம்பு' பழைய சொல், பொருத்தமாக இருக்குமே. 'பூதத்தூம்பு'?

மழைக்காகம்:

தூம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'பூதத்தூம்பு' என்றால் என் மாமியார் பயப்படுவார்.

மட்டுறுத்துநர்:

பெயர் விவாதத்துக்குச் சொல்லாக்கப் பிரிவில் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே படம் மட்டும்.

சாரல்77:

மக்களே, மூணு வாரம் கழிச்சு வர்றேன். இங்க ஜெர்மனியிலேயே இருக்கிற ஃப்ரைபுர்க் போயிட்டு வந்துட்டேன். லென்ஸ் வாடகைக்கு எடுத்த கடையில 150-600 கேட்டா 100-400தான் கொடுத்தாங்க. பணம் மட்டும் 600க்கு உண்டானது. போகட்டும்.

மழைக்காகம் அக்கா சொன்னபடி சனிக்கிழமை வேவு, ஞாயிறு வேட்டைன்னு திட்டம். சனிக்கிழமை காலை கதீட்ரலைச் சுத்தி சந்தை. காய்கறி, பூ, வடக்குப் பக்கம் நீளமான சாசேஜ் வறுக்கிற வண்டிங்க. கோயில் முழுக்கச் சிவப்பு மணற்கல். கோபுரம் 116 மீட்டர், 1944 குண்டுவீச்சுல சுத்தி இருந்த ஊர் விழுந்தப்பவும் இது நின்னுச்சாம்.

ஃப்ரைபுர்க்ல எல்லாரும் தேடிப் போறது ஒருத்தரைத்தான். தெற்குப் பக்கம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கத்தை வெளிய தள்ளிக்கிட்டு நிக்கிற மனுஷன். தண்ணி வாய் வழியா இல்ல, அந்த வழியா. கூலி கொடுக்காத சண்டையில செதுக்கினவன் பழி வாங்கினான், எதிர்ல பிஷப் மாளிகையைப் பார்த்து வச்சான்னு வழிகாட்டி ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தார். எனக்கு உடனே கல்உளி சார் ஞாபகம் வந்து வீட்டுக்கு வந்து தேடினேன். ஃப்ரைபுர்க்குக்குப் பேராயர் வந்ததே 1827லதானாம். கதை அங்கேயே கவுந்துடுச்சு.

அவரை எடுத்தேன், ஆனா அந்தப் படம் எல்லார்கிட்டயும் இருக்கு. நான் சொல்ல வந்தது வேற ஒண்ணு. பைனாகுலர்ல உதடு உதடா பார்த்துக்கிட்டே வந்தேன். தெற்குச் சுவர்ல பேர் தெரியாத ஒண்ணு. நாய் மூஞ்சி, இடது காது உடைஞ்சு போயிருக்கு. கீழுதட்டுல பச்சைப் பாசி, தொண்டையில இருந்து விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. இவன் ஓய்வு பெறலன்னு முடிவு பண்ணேன்.

ஞாயித்துக்கிழமை சந்தை இல்ல, சதுக்கம் காலி. ரெண்டு மணிக்கு மழை. ஷவர் கேப் மாட்டி எதிர் வரிசைக் கட்டட வளைவுக்குள்ள நின்னேன். பத்து நிமிஷம் ஒண்ணுமில்ல. மழையில மணற்கல் நிறம் மாறுறதை வேடிக்கை பார்த்தேன், செங்கல் நிறத்துல இருந்து கருப்பட்டி நிறத்துக்கு. அப்புறம் உதட்டுல ஒரு துளி. அது விழாம தொங்குது. அப்புறம் ரெண்டு. அப்புறம் தடால்னு ஒரு கயிறு மாதிரி வந்து கீழ கல்தரையில அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது. அந்த நிமிஷம் வரைக்கும் நாய் குரைக்கிற மாதிரி இருந்த மூஞ்சி, தண்ணி வந்ததும் வாந்தி எடுக்கிற மூஞ்சியா மாறிடுச்சு. புருவம் சுருங்கியிருக்கிறதுக்கு அப்பதான் காரணம் புரிஞ்சுது. செதுக்கினவன் தண்ணியையும் சேர்த்து நினைச்சுத்தான் அந்தப் புருவத்தை வச்சிருக்கான்!

மொத்தம் 61 படம். நாலு தேறும். 400 மி.மீ., 1/60, ஐஎஸ்ஓ 800, +1. வளைவுத் தூண்ல சாய்ஞ்சு மூச்சைப் பிடிச்சு எடுத்தது. மூணாவது படத்தைப் பாருங்க. தங்கச்சி "ஐயோ பாவம், என்னத்தைத் தின்னுச்சு?"ன்னு கேட்டா.

மழைக்காகம்:

மூன்றாவது படம் அருமை. நூல் மாதிரி வந்திருக்கிறது. வலது ஓரத்தில் புறா பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, க்ராப் செய்துவிடுங்கள். அந்த நாயை நான் நாலு தடவை கடந்து போயிருக்கிறேன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. பின்பக்கக்காரரைத்தான் பார்த்தேன்.

கல்உளி:

புருவம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. அடுத்த முறை சாரத்தில் ஏறும்போது கவனிக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள், ஒரு நாயை வைத்து.

லென்ஸ்மாமா:

தம்பி, கையில பிடிச்சு 400ல 1/60ஆ! கை நடுக்கத்தைச் சரிக்கட்டுற ஸ்டெபிலைசர் வாழ்க. புறாவை வெட்டாதீங்க. அது நனையாம தப்பிக்க அந்த நாய் கழுத்துக்கு அடியில ஒதுங்கி நிக்குது, பெரிசு பண்ணிப் பாருங்க.

மழைக்காகம்:

ஆமாம்! புறாவை விட்டுவிடுங்கள். என் பேச்சு வாபஸ்.

லாசப்பல்காரன்:

தம்பி, பாரிசுக்கு இன்னொருக்கா வாறதெண்டால் சொல்லும். நான் இத்தினை வருசத்தில ஒருக்காலும் மழைக்க அண்ணாந்து பாத்ததில்லை. குடைக்குள்ளதான் ஓடுறது. இப்ப வேலைக்குப் போகேக்க வரேக்க ஒவ்வொரு தேவாலயமாப் பாத்துக்கொண்டு போறன். நேற்று பஸ்ஸை விட்டிட்டன்.

சாரல்77:

கண்டிப்பா அண்ணா, அடுத்த மாசம் வர்றேன். கோபுரத்துக்கு டிக்கெட்டும் போடணும்.

ஒரு அவசரக் கேள்வி. வாடகை லென்ஸ் உள்பக்கம் லேசா பனி மாதிரி படிஞ்சிருக்கு. நாளைக்கு சாயந்திரம் திருப்பிக் கொடுக்கணும். அரிசி டப்பாவுல போட்டு வைக்கலாமா?

லென்ஸ்மாமா:

அரிசி வேண்டாம்! மாவும் தூசும் உள்ள போயிடும். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறதை எல்லாம் சேர்த்து, காத்துப்போகாத டப்பாவுல லென்ஸோட போட்டு மூடுங்க. ஹீட்டர் மேல வைக்காதீங்க. காலையில பார்த்துட்டு இங்க எழுதுங்க.